வேலைக்குச் சேர்ந்தால்தான் கட்டணம்

தேர்வானவர் பணியில் சேர்ந்த பிறகுதான் கட்டணம். சேராவிட்டால் ஒரு ரூபாயும் இல்லை. சென்னை, கோவை, பெங்களூரு போன்ற நகரங்களில் தனியார் நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தரும் கன்சல்டன்சிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நிபந்தனையின் பேரில்தான் வேலை செய்கின்றன. நிறுவனம் காலியிடத்தைச் சொல்லும். கன்சல்டன்சி தன் கைக்காசில் தேடும், பேசும், நேர்காணலுக்கு அனுப்பும். நடுவில் காலியிடமே ரத்தாகலாம். ஊழியர் ஒருவரின் சிபாரிசில் நிறுவனம் வேறொருவரை எடுத்துக்கொள்ளலாம். ஆஃபர் லெட்டர் வாங்கியவர், சேர வேண்டிய திங்கட்கிழமை காலையில் போனை அணைத்துவைத்துவிடலாம். இவற்றில் எது நடந்தாலும் அதுவரை செய்த வேலைக்குக் கன்சல்டன்சி எதையும் கேட்க முடியாது.

இதற்குப் பக்கத்தில் வேறு இரண்டு முறைகள் உண்டு. உயர்பதவித் தேடலில் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் வேலை தொடங்கும். ஹைட்ரிக் அண்ட் ஸ்ட்ரகிள்ஸ் போன்ற பன்னாட்டு நிறுவனங்கள் நடத்தும் தொழில் அது. முதலாண்டு ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தவணைகளாக வாங்குவது அங்கே நெடுநாள் வழக்கம். ஆள் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் முன்தவணை அவர்களுடையது. மற்றொன்று ஸ்டாஃபிங். அதில் ஊழியர் ஏஜென்சியின் சம்பளப் பட்டியலிலேயே இருப்பார். வேலை மட்டும் வேறு நிறுவனத்தில். சேர்ந்தால்தான் கட்டணம் என்ற முறையில் ஊழியர் முதல் நாளிலிருந்தே நிறுவனத்தின் ஆள். கன்சல்டன்சி இடையில் நின்று இணைத்துவைத்து விலகிக்கொள்கிறது.

இந்தியாவில் இந்தத் தொழில் இன்றைய வடிவத்துக்கு வந்தது 1990களில். தாராளமயத்துக்குப் பிறகு புதிய தொழிற்சாலைகளும் மென்பொருள் நிறுவனங்களும் வேகமாக ஆள் எடுத்தன. சென்னையில் கே. பாண்டியராஜன் 1992இல் தொடங்கிய மா ஃபா இந்தத் துறையில் நாடறிந்த பெயராக வளர்ந்து, பின்னாளில் நெதர்லாந்தின் ரான்ட்ஸ்டாட் குழுமத்துக்குள் போனது. அன்றைக்குக் கன்சல்டன்சியின் சொத்து அதன் அலமாரிதான். புதன்கிழமை ‘தி இந்து’வில் வேலைவாய்ப்பு விளம்பரம் கொடுத்தால் தபாலில் வந்து குவியும் விண்ணப்பங்களைத் துறைவாரியாக அடுக்கி வைத்திருப்பார்கள். யாரிடம் எந்த ஃபைல் இருக்கிறது என்பதே வியாபாரம். 1997இல் நௌக்ரி.காம் வந்தது, அடுத்த பத்தாண்டுகளில் லிங்க்ட்இன் பரவியது. சந்தா கட்டினால் நிறுவனத்தின் ஹெச்.ஆர். துறையே அதே லட்சக்கணக்கான ரெஸ்யூம்களைப் பார்க்கலாம் என்று ஆனது. கன்சல்டன்சிகளின் காலம் முடிந்தது என்று அப்போது பலர் நினைத்தார்கள். முடியவில்லை. பெயரும் எண்ணும் எல்லோருக்கும் கிடைத்தபோது, அந்த எண்ணுக்குப் போன் செய்து, எடுத்தவரைப் பேசவைத்து, நேர்காணலுக்கு வரவழைத்து, சேரும் நாள்வரை கைவிடாமல் இருப்பதற்குத்தான் ஆள் தேவைப்பட்டது. இன்றைக்கும் கன்சல்டன்சிக்குக் கிடைக்கும் கூலி பெரும்பாலும் அந்த வேலைக்கானது.

இந்தியாவில் கட்டணத்தின் அடிப்படை எண் 8.33 சதவீதம். ஓராண்டு சிடிசியில் (ஊழியருக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகையில்) பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். கிடைப்பதற்கு அரிதான திறன் என்றாலும் மேலாளர் நிலை என்றாலும் 10, 12.5 என்று ஏறி, சில நேரம் 16.66 சதவீதம்வரை போகும். அது இரண்டு மாதச் சம்பளம். அமெரிக்காவில் இதே வேலைக்கு 20 முதல் 25 சதவீதம்வரை கேட்பது சாதாரணம். 12 லட்ச ரூபாய் சிடிசியில் ஒருவர் சேர்ந்தால் 8.33 சதவீதக் கணக்கில் கட்டணம் 99,960 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து பில் 1,17,953 ரூபாய்க்கு வரும். நிறுவனம் வருமான வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும்.

ஒப்பந்தத்தில் எல்லோரும் முதலில் பார்ப்பது சதவீதத்தை. சச்சரவு வருவது வேறு வரிகளில். முதல் கேள்வி, எதன்மேல் சதவீதம்? சிடிசி என்ற தொகைக்குள் அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப் படி, நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு, பணிக்கொடை ஒதுக்கீடு, காப்பீடு, ஆண்டிறுதி ஊக்கத்தொகை எல்லாம் அடங்கும். ஊக்கத்தொகையைக் கழித்துவிட்டு நிலையான சம்பளத்துக்கு மட்டுமே தருவோம் என்று பில் போன பிறகு சொல்லும் நிறுவனங்கள் உண்டு. ஆஃபர் லெட்டரில் அச்சான மொத்தத் தொகையா, நிலையான பகுதியா, சேரும்போது தரும் போனஸ் கணக்கில் உண்டா என்பதை முதலிலேயே ஒரு வரியில் எழுதிவிட்டால் பிறகு பேச்சே இருக்காது.

இரண்டாவது, ரெஸ்யூம் யாருடையது? ஒரே கேண்டிடேட்டை இரண்டு கன்சல்டன்சிகள் அனுப்பினால் முதலில் அனுப்பியவருக்கே உரிமை என்பது பொது வழக்கம். அந்த உரிமை ஆறு மாதம் நிற்கும் என்று சில ஒப்பந்தங்கள் சொல்லும், ஓராண்டு என்று சில. இன்றைக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய ஒருவரை நிறுவனம் நான்கு மாதம் கழித்து நேரடியாகக் கூப்பிட்டு வேறு பதவியில் எடுத்துக்கொண்டால் கட்டணம் உண்டா? இந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் அதற்குப் பதில் கிடையாது. நிறுவனத்தின் பதிவேட்டில் மூன்று வருடத்துக்கு முன் நேரடியாக விண்ணப்பித்தவரின் பெயர் இருந்தாலே ‘எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது’ என்று மறுப்பதும் நடக்கிறது. ரெஸ்யூம் வந்த இரண்டு வேலைநாளுக்குள் அதைச் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் அது கன்சல்டன்சி அனுப்பியதாகவே கொள்ளப்படும் என்ற நிபந்தனை இருதரப்புக்கும் நியாயமானது. பில் தொகை, பணம் தரும் கெடு, சேர்ந்தவர் விலகினால் மாற்றாள், அந்த நிறுவனத்தின் ஊழியர்களையே கன்சல்டன்சி வேறிடத்துக்கு இழுக்கக் கூடாது என்ற தடை ஆகியவை மற்ற பிரிவுகள்.

ஒப்பந்தம் முடிந்ததும் வேகன்சி வரும். பெரும்பாலும் அது ஒரு ஜேடியாக, அதாவது பணி விவரக் குறிப்பாக வரும்: யாரோ எப்போதோ எழுதி, ஆளுக்கு ஆள் நகலெடுத்து, கடைசியில் எந்தப் பதவிக்கும் பொருந்தாமல் போன இரண்டு பக்கம். அதை வைத்து நேரே தேடத் தொடங்கும் ரெக்ரூட்டர் ஒரு வாரத்தை இழப்பார். ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலைக்குத் தர மேம்பாட்டுப் பொறியாளர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஜேடியில் பி.இ. மெக்கானிக்கல், ஐந்து ஆண்டு அனுபவம், வாகனத் துறைத் தரநிலையான ஐஏடிஎஃப் 16949 தெரிந்திருக்க வேண்டும் என்று இருக்கும். தெரிய வேண்டியது அதில் இருக்காது. வாகன நிறுவனத்தின் ஆடிட்டை இவர் தனியாக எதிர்கொள்ள வேண்டுமா, மேலாளரின் பின்னால் நின்றால் போதுமா? பிபிஏபி (உதிரிபாக ஒப்புதல்) ஆவணங்களைத் தானே தயாரித்திருக்க வேண்டுமா? சிஎம்எம் (அளவீட்டு) இயந்திரத்தை இயக்கத் தெரிந்தால் போதுமா, ப்ரோக்ராம் எழுத வேண்டுமா? டிப்ளமோ படித்து எட்டு ஆண்டு தேறியவர் சரிப்படுவாரா? இரவு ஷிஃப்ட் உண்டா? கம்பெனி பஸ் தாம்பரத்திலிருந்து வருகிறதா, காஞ்சிபுரத்திலிருந்து மட்டுமா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். பஸ் வராத ஊரில் இருப்பவர் நேர்காணலில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுச் சேரும் வாரத்தில் மறுப்பார்.

இவற்றைவிட முக்கியமான இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த இடம் ஏன் காலியானது? எத்தனை நாளாகக் காலியாக இருக்கிறது? முந்தையவர் ஆறு மாதத்தில் போய்விட்டார், அதற்கு முந்தையவரும் அப்படியே என்றால் குறை ஆட்களிடம் இல்லை. நான்கு மாதமாக எட்டுப் பேரைப் பார்த்தும் யாரையும் எடுக்கவில்லை என்றால், சம்பளம் சந்தைக்குக் கீழே இருக்கும். அல்லது தேர்வு செய்ய வேண்டிய இருவருக்குள் யார் வேண்டும் என்பதில் உடன்பாடு இருக்காது. இதையெல்லாம் ஹெச்.ஆர். அதிகாரியால் சொல்ல முடியாது. ஆள் யாருக்குக் கீழே வேலை செய்யப் போகிறாரோ அந்த மேலாளரோடு பதினைந்து நிமிடம் பேசினால் தெரிந்துவிடும். அந்தப் பேச்சுக்கு வழிவிடாத நிறுவனங்கள் ஏராளம். வெண்டர் போர்ட்டலில் ரெஸ்யூமை ஏற்றுங்கள், மேலாளரைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்பார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தை மிச்சப்படுத்துவதில் நிறுவனம் இழக்கும் வாரங்கள் யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை.

தேடல் அடுத்தது. நௌக்ரியில் சொற்களைச் சேர்த்தும் விலக்கியும் தேடி நூறு பெயர் எடுத்தால், அதில் ஜேடிக்குப் பொருந்துபவர்கள் சிலர், போன் எடுப்பவர்கள் அதிலும் சிலர், வேலை மாறும் மனநிலையில் இருப்பவர்கள் அதிலும் குறைவு. நல்ல ரெக்ரூட்டர் போர்ட்டலை மட்டும் நம்புவதில்லை. முன்பு வேலை வாங்கிக் கொடுத்தவரிடம் ‘உங்க பழைய கம்பெனில குவாலிட்டில யார் சார் நல்லா செய்வாங்க?’ என்று கேட்டு வாங்கிய இரண்டு பெயர், போர்ட்டலில் எடுத்த இருபது பெயருக்குச் சமம். அந்த இருவரும் வேலை தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். அதனால் அவர்கள் கையில் வேறு ஆஃபரும் இருக்காது.

முதல் போனில் கேட்க வேண்டியவை எல்லோருக்கும் தெரிந்தவை: இப்போதைய சிடிசி, எதிர்பார்க்கும் சிடிசி, நோட்டீஸ் பீரியட், இருக்கும் ஊர், மாற நினைக்கும் காரணம். கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைத்தான் ஊன்றிக் கேட்க வேண்டும். சம்பளம் மட்டுமே காரணம் என்பவரை, அவருடைய பழைய நிறுவனமே சம்பளத்தைக் கூட்டி நிறுத்திக்கொள்ளும். புதிய மேலாளரோடு ஒத்துப்போகவில்லை, குழந்தையின் பள்ளிக்காகச் சென்னைக்கு வர வேண்டும், ஐந்து வருடமாக ஒரே இயந்திரம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சேர்ந்துவிடுவார்கள். இந்த ஒரு பதிலை ரெஸ்யூமோடு சேர்த்து எழுதி அனுப்பும் கன்சல்டன்சிக்கும், ரெஸ்யூமை மட்டும் அப்படியே தள்ளிவிடும் கன்சல்டன்சிக்கும் உள்ள வித்தியாசத்தை நிறுவனம் ஒரு மாதத்தில் உணரும்.

கேண்டிடேட்டின் சம்மதம் இல்லாமல் ரெஸ்யூமை அனுப்புவது இந்தத் தொழிலின் பெரிய கேடு. முந்திக்கொண்டால் உரிமை கிடைக்கும் என்பதால் போர்ட்டலில் கண்ட ரெஸ்யூமை, அவரிடம் பேசாமலே நிறுவனத்துக்கு அனுப்பிவிடும் பழக்கம் பரவிக் கிடக்கிறது. அந்த ரெஸ்யூம் அவர் வேலை பார்க்கும் குழுமத்தின் இன்னொரு கம்பெனிக்கே போய்ச் சேர்ந்தால் அவருடைய பிழைப்பில் மண் விழும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரின் விவரங்களைக் கையாளச் சம்மதத்தை அடிப்படையாக வைக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, எந்த நிறுவனம், என்ன பதவி என்று சொல்லி, ‘சரி, அனுப்புங்கள்’ என்ற ஒரு மின்னஞ்சலை வாங்கிவைத்தால் உரிமைச் சண்டையிலும் அதுவே சான்றாகும்.

இந்த முறையின் மையம் ஒரு கணக்கில் இருக்கிறது. வேலை தரும் நிறுவனங்கள் பெரும்பாலும் யோசிக்காத கணக்கு அது. கட்டணம் சேர்ந்தால்தான் என்பதால் எத்தனை கன்சல்டன்சிகளிடம் சொன்னாலும் செலவில்லை என்று தோன்றும். ஆறு பேரிடம் சொல்வோம், போட்டியில் வேகம் கூடும் என்று நினைப்பது இயல்பு. ரெக்ரூட்டரின் மேசையிலிருந்து பார்த்தால் காட்சி வேறு. அவர் கையில் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து வேகன்சி இருக்கும். அவருடைய சம்பளம், மேசை, போர்ட்டல் சந்தா எல்லாவற்றுக்கும் ஈடாக, அவர் சம்பளத்தைப் போல் மூன்று மடங்காவது மாதந்தோறும் பில் ஆக வேண்டும் என்பது தொழிலில் புழங்கும் அளவுகோல். ஆகவே எந்த வேகன்சியில் நேரத்தைப் போடுவது என்று தினமும் காலையில் முடிவெடுக்கிறார். ஒரு வேகன்சிக்குக் கட்டணம் ஒரு லட்சம். ஆனால் அது ஆறு கன்சல்டன்சிகளிடம் இருக்கிறது, ஹெச்.ஆர். துறையும் தேடுகிறது, ஊழியர் சிபாரிசுத் திட்டமும் ஓடுகிறது, ரெஸ்யூம் அனுப்பினால் மூன்று வாரம் பதில் இல்லை. இதில் தன் ஆள் சேரும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்றால் அந்த வேகன்சியின் மதிப்பு அவருக்குப் பத்தாயிரம். இன்னொன்றுக்குக் கட்டணம் ஐம்பதாயிரம்தான். ஆனால் இரண்டே கன்சல்டன்சி, மேலாளர் நேரில் பேசினார், இரண்டு நாளில் பதில் வருகிறது. வாய்ப்பு பத்தில் நான்கு என்றால் மதிப்பு இருபதாயிரம். ரெக்ரூட்டர் எதில் உழைப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நிறுவனம் முன்பணம் கொடுக்காததால் நஷ்ட அபாயம் மறைந்துவிடவில்லை. கன்சல்டன்சியின் தலையில் ஏறியிருக்கிறது. கன்சல்டன்சி தன்னைக் காத்துக்கொள்ள நேரத்தைப் பல வேகன்சிகளில் பரப்பிப் போடுகிறது. பலரிடம் கொடுத்த வேகன்சிக்கு ஒவ்வொருவரிடமிருந்தும் வருவது மேலோட்டமான அரைநாள் வேலை: போர்ட்டலில் முதல் பக்கத்தில் வந்த ரெஸ்யூம்கள். ஆறு பேரும் அதே முதல் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். ஒரே ரெஸ்யூம் நான்கு தடவை வந்து விழும். யார் முதலில் அனுப்பினார்கள் என்று ஹெச்.ஆர். துறை பஞ்சாயத்து செய்துகொண்டிருக்கும். கட்டணத்தை ஏற்றாமலே இதை மாற்றலாம். வேகன்சியை ஒருவருக்கு அல்லது இருவருக்கு மூன்று வாரம் தனியுரிமையாகத் தருவது, அனுப்பிய ஒவ்வொரு ரெஸ்யூமுக்கும் மூன்று நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்வது, காலியிடம் நிறுத்திவைக்கப்பட்டால் அன்றைக்கே தெரிவிப்பது. மூன்றுக்கும் செலவு கிடையாது. சதவீதத்தை 8.33இலிருந்து 7க்குக் குறைக்கப் பேரம் பேசும் நேரத்தில் பாதியை இவற்றில் செலவிட்டால் கிடைக்கும் பலன் பெரிது.

நேர்காணல் தொடங்கியதும் கன்சல்டன்சியின் வேலை தூது. முதல் சுற்று முடிந்து பத்து நாள் மௌனம் என்றால் கேண்டிடேட் அதை நிராகரிப்பு என்றே எடுத்துக்கொள்வார். வேறு இடத்தில் பேசத் தொடங்குவார். சம்பளப் பேச்சில் ஒரு சந்தேகம் நிறுவனங்களுக்கு எப்போதும் உண்டு. கட்டணம் சிடிசியில் சதவீதம் என்பதால் கன்சல்டன்சி சம்பளத்தை ஏற்றிவிடத்தானே பார்க்கும்? கணக்குப் போட்டால் இந்தச் சந்தேகம் நிற்காது. சிடிசியில் ஒரு லட்சம் கூடினால் கட்டணத்தில் கூடுவது 8,330 ரூபாய். அந்த ஒரு லட்சத்துக்காக இழுத்துப் பேரம் முறிந்தால் போவது முழுக் கட்டணம். ஆகவே ரெக்ரூட்டரின் இயல்பான சாய்வு சம்பளத்தை ஏற்றுவதில் இல்லை, சீக்கிரம் முடிப்பதில் இருக்கிறது. நிறுவனம் கவனமாக இருக்க வேண்டியதும் அங்கேதான். தயங்கும் கேண்டிடேட்டின் தயக்கத்தை மறைப்பது, வேறு ஆஃபர் கையில் இருப்பதைச் சொல்லாமல் விடுவது ஆகியவை அந்த அவசரத்திலிருந்து வருகின்றன. ‘இவருக்கு வேறு ஆஃபர் இருக்கிறதா?’ என்று நேரடியாகக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குவது நல்லது.

ஆஃபர் லெட்டருக்கும் சேரும் நாளுக்கும் இடையிலான காலம்தான் இந்தியாவில் இந்தத் தொழிலைப் படாதபாடு படுத்துகிறது. பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். தொழிற்சாலைப் பக்கம் ஒரு மாதமோ இரண்டு மாதமோ. 90 நாள் என்பது ஒருவர் இன்னும் மூன்று இடங்களில் நேர்காணலுக்குப் போய்வரப் போதுமான காலம். ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன், இன்ன தேதிக்குள் விடுதலை என்று ரெஸ்யூமில் எழுதினாலே அழைப்புகள் குவியும். உடனே சேரக்கூடிய ஆள் எல்லோருக்கும் வேண்டும். கையில் ஓர் ஆஃபரை வைத்துக்கொண்டு அதைக் காட்டி இன்னொன்று, அதைக் காட்டி மூன்றாவது என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆஃபர் கொடுத்த பிறகு சேரும் தேதியைத் தள்ளிப்போடும் நிறுவனங்களும், ஆஃபரையே திரும்பப் பெறும் நிறுவனங்களும் இதே சந்தையில் இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் நம்பாத சந்தையில் கையில் இன்னொன்று வைத்திருப்பது தற்காப்பு.

இந்த மூன்று மாதத்தில் ரெக்ரூட்டர் என்ன செய்கிறார் என்பது அவருடைய தரத்தைச் சொல்லும். ஆஃபர் வாங்கிய ஒரு வாரத்துக்குள் ராஜினாமா ஏற்கப்பட்ட மின்னஞ்சலின் நகலைக் கேட்பார். அது வராவிட்டால் கேண்டிடேட் இன்னும் ராஜினாமா செய்யவில்லை என்று கொள்ளலாம். பழைய நிறுவனம் சம்பளத்தைக் கூட்டிப் பேசிப் பார்க்கும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைப்பார். அப்படிப் பேசும்போது திடீரென்று கேட்பவரைவிட, எதிர்பார்த்துக் காத்திருப்பவர் உறுதியாக இருப்பார். பத்து நாளுக்கு ஒரு தடவை, ‘எப்ப வர்றீங்க சார்?’ என்று நச்சரிக்காமல், பணி ஒப்படைப்பு எந்த அளவில் இருக்கிறது, வீடு பார்த்தாயிற்றா, வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று விசாரிப்பார். வீட்டில் சொல்லாமல் வைத்திருப்பவர், மருத்துவப் பரிசோதனைத் தேதியைத் தள்ளுபவர், சான்றிதழ்களை அனுப்ப நாள் கடத்துபவர் ஆகியோரைப் பற்றி நிறுவனத்துக்கு அன்றைக்கே சொல்லிவிடுவது நேர்மை. இரண்டாவது ஆளைத் தயாராக வைத்திருக்க அது அவகாசம் தரும். நிறுவனத்தின் பங்கும் இதில் சிறியதல்ல. எதிர்கால மேலாளர் நடுவில் ஒரு தடவை போன் செய்து பேசினால், அந்த அழைப்பு கன்சல்டன்சியின் பத்து அழைப்புகளைவிட எடையுள்ளது. அவசரத் தேவை என்றால் மீதமுள்ள நோட்டீஸ் நாட்களுக்கான சம்பளத்தைப் புதிய நிறுவனமே கொடுத்து ஆளை முன்னதாக எடுத்துக்கொள்ளும் பை-அவுட் வழியும் உண்டு. பழைய நிறுவனம் அதற்குச் சம்மதிக்க வேண்டும்.

சேர்ந்த அன்று பில் பிறக்கிறது. பணம் வருவது வேறு கதை. முப்பது நாள் கெடு என்று ஒப்பந்தத்தில் இருக்கும். கொள்முதல் ஆணை எண் இல்லை, சேர்ந்தவரின் ஊழியர் எண்ணை எழுதவில்லை என்று பில் திரும்பித் திரும்பி வரும். சில நிறுவனங்கள் மாற்றாள் உத்தரவாதக் காலமான 90 நாள் முடிந்த பிறகே தருவோம் என்று எழுதிவிடுகின்றன. சிறிய கன்சல்டன்சிக்கு இது எவ்வளவு பாரம் என்பதைக் காலக்கோட்டில் பார்த்தால் தெரியும்: தேடலுக்கு ஒரு மாதம், நேர்காணலுக்கு ஒரு மாதம், நோட்டீஸுக்கு மூன்று மாதம், பணத்துக்கு மூன்று மாதம். எட்டு மாதத்துக்கு முன் போட்ட உழைப்புக்கு இன்றைக்குக் கூலி. பில் போட்ட மாதத்துக்கான ஜிஎஸ்டியை, மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவர் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பணம் வரவில்லை என்பது அங்கே காரணமாகாது. 18,000 ரூபாயைக் கையிலிருந்து கட்டிவிட்டு ஒரு லட்சத்துக்குக் காத்திருப்பவர்கள் இந்தத் தொழிலில் நிறைய.

சட்டம் இதில் கன்சல்டன்சியின் பக்கம் இருக்கிறது. பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவருக்கு, ஒப்பந்தத்தில் எந்தக் கெடு எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். எழுத்து ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இன்னொரு பிடியையும் போட்டது. குறு, சிறு நிறுவனத்துக்கு அந்தக் கெடுவுக்குள் தராமல் ஆண்டு முடிவில் பாக்கி வைத்த தொகையை, உண்மையில் தரும் ஆண்டுவரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. வசூல் அதிகாரியின் பத்து நினைவூட்டல்களுக்கு அசையாத கணக்குப் பிரிவு, பில்லின் மேல் குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு எண் அச்சாகியிருந்தால் மார்ச் மாதத்தில் தானே தேடிவந்து கேட்கிறது.

சேர்ந்தவர் உத்தரவாதக் காலத்துக்குள் விலகினால் கூடுதல் கட்டணம் இல்லாமல் மாற்றாள் தேடித்தர வேண்டும். பெரும்பாலும் 90 நாள்; கீழ்நிலைப் பதவிகளுக்கு அதைவிடக் குறைவாகவும் மேல்நிலைக்குக் கூடுதலாகவும் இருக்கும். பணத்தைத் திருப்பித் தருவதைவிட மாற்றாள் தருவதையே கன்சல்டன்சிகள் விரும்பும். நிறுவனங்களுக்கும் ஆள்தான் தேவை. ஆனால் எப்படிப்பட்ட விலகல் என்பதை ஒப்பந்தம் பிரித்துச் சொல்ல வேண்டும். ஆள்குறைப்பில் அனுப்பப்பட்டவர், சொன்ன வேலை ஒன்று கொடுத்த வேலை வேறு என்று போனவர், பணியிடத்தை வேறு ஊருக்கு மாற்றியதால் போனவர் ஆகியோருக்குக் கன்சல்டன்சி பொறுப்பாக முடியாது. சான்றிதழ் பொய் என்று பின்னணிச் சோதனையில் தெரிந்து நீக்கப்பட்டால் அது கன்சல்டன்சியின் பொறுப்பே. ரிலீவிங் லெட்டரையும் சம்பளச் சீட்டையும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கின் பணிவரலாற்றோடு ஒப்பிட்டால் இத்தகைய பொய்களில் பெரும்பகுதி ஆஃபருக்கு முன்பே தெரிந்துவிடும்.

கேண்டிடேட்டிடம் பணம் வாங்கக் கூடாது என்பது இந்த முறையின் அடித்தளம். கட்டணம் நிறுவனத்துடையது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், ஆஃபர் லெட்டருக்கு வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது வேறு தொழில். படித்து முடித்த பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரின் சேமிப்பையும் குறிவைக்கும் மோசடித் தொழில். வெளிநாட்டு வேலைக்கு மட்டும் விதி தனி. 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி உரிமம் பெற்ற முகவர் வேலை தேடுபவரிடம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்வரை வாங்கலாம். உள்நாட்டு வேலையில் கன்சல்டன்சி இரண்டு பக்கமும் கை நீட்டினால், யாருக்காகப் பேசுகிறது என்பது நிறுவனத்துக்கும் தெரியாது, கேண்டிடேட்டுக்கும் தெரியாது. வெண்டர்களை எம்பேனல் செய்யும்போது இந்த ஒரு நிபந்தனையை மீறினால் ஒப்பந்தம் அன்றே ரத்து என்று நிறுவனங்கள் எழுதிவைப்பது முறை.

எல்லாப் பதவிக்கும் இந்த முறை பொருந்தாது. இப்போது பதவியில் இருப்பவருக்கே தெரியாமல் அவருடைய இடத்துக்கு ஆள் தேட வேண்டும் என்றால், பலர் ஓடும் இந்தப் பந்தயத்தில் ரகசியம் நிற்காது. முன்பணம் கொடுத்து ஒருவரிடம் ஒப்படைப்பதே சரி. முந்நூறு அப்ரென்டிஸ்களை ஒரே மாதத்தில் எடுக்க ஐடிஐ வளாகங்களுக்கு நேரே போகலாம். ஐந்து முதல் பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள, எண்ணிக்கையில் ஒன்றிரண்டாகத் தேவைப்படும் இடங்களில்தான் இது வலுவாக நிற்கிறது.

எந்தக் கன்சல்டன்சியைத் தொடர்வது என்பதை நிறுவனம் ஆண்டுக்கு ஒருமுறை எண்களை வைத்துப் பார்க்கலாம். எத்தனை ரெஸ்யூம் அனுப்பினார்கள் என்ற எண் பயனற்றது. அதைக் கேட்டால் அதுதான் வந்து குவியும். அனுப்பியதில் எத்தனை பேர் நேர்காணல்வரை வந்தார்கள், ஆஃபர் வாங்கியவர்களில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பிறகும் இருக்கிறார்கள் என்ற மூன்றும் போதும். அதே தாளில் நிறுவனம் தன்னைப் பற்றிய மூன்று எண்களையும் எழுத வேண்டும்: ரெஸ்யூமுக்குப் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட சராசரி நாள், நடுவில் நிறுத்திய வேகன்சிகளின் எண்ணிக்கை, பில்லுக்குப் பணம் கொடுக்க எடுத்துக்கொண்ட நாள். முதல் மூன்று எண்களும் குறையும்போது, பெரும்பாலும் இந்தப் பின் மூன்றில்தான் காரணம் இருக்கும்.